நடுத்தூண் இல்லாத பன்னிரண்டு நிமிடம்

நஞ்சுண்டனின் சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இன்ச் டேப் இருக்கும். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், புது சோபா வாசல் வழியாக உள்ளே போகுமா என்று நாலு பேர் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒன்றும் பேசாமல் அளந்து பார்த்து, "அரை இன்ச் இடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். சோபா இடித்தது. அரை இன்ச்தான்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். ஈரோட்டில் டிப்ளமா முடித்ததோடு படிப்பு சரி. மற்றதெல்லாம் வேலையில் கற்றது. குஜராத்தில் ஒரு ரிஃபைனரி, பிறகு மஸ்கட், பிறகு ஹூஸ்டன். எண்ணெய்க் குழாய்களைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை வடிவமைக்கும் உத்தியோகம். வருடா வருடம் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு அவர்தான் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுப்பார். அதில் ஒன்றை மட்டும் மூன்று தடவை சொல்வார்: எந்தத் தடுப்பையும் எடுத்தவனே திரும்ப மாட்ட வேண்டும், மாட்டாமல் அந்த இடத்தை விட்டு ஓரடி நகரக்கூடாது. ஃபோன் வந்தாலும் சரி, சாப்பாடு வந்தாலும் சரி.

கோயில் வாசலில் தூண்கள் வந்ததும் அவரால்தான். ஃப்ரீவே ஓரத்தில் ஒரு டோனட் கடையில் நின்றிருந்தபோது, பார்க் செய்ய வந்த வண்டி ஒன்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததைக் கண்ணால் கண்டார். நல்ல வேளை, அந்த மேஜையில் யாரும் இல்லை. நேரே கோயிலுக்குப் போய் அளந்தார். வயதானவர்கள் நிறுத்தும் இடம் வாசலுக்கு நேர் எதிரே. அங்கிருந்து செருப்பு ஸ்டாண்டுக்குப் பதினோரு அடி. நடுவில் ஒன்றுமே கிடையாது. போதாததற்கு, அவசரக்காரர்கள் வண்டியை வாசலுக்குக் குறுக்கே ஓட்டித்தான் வெளியே போனார்கள்.

கமிட்டியில் மூன்று கூட்டம் நடந்தது. சாமி வாசலில் ஜெயில் கம்பியா என்று ஒருவர் கேட்டார். தலைவர் மகாதேவன், ரிட்டயர் ஆன டாக்டர், இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்றார். "ஆகாத வரைக்கும் ஆகலைதானுங்க சார்" என்றார் நஞ்சுண்டன். கடைசியில் சம்மதித்தார்கள்.

ஊன்றியவர் ரமிரோ என்ற மெக்சிகோ கான்ட்ராக்டர். தன் மைத்துனனோடு வந்து, தமாஷ் பேசிக்கொண்டே நான்கு நாளில் முடித்தார். ஆறு இன்ச் இரும்புக் குழாய், மண்ணுக்குள் நான்கடி, உள்ளே கான்கிரீட். மொத்தம் ஏழு தூண். இரண்டு தூணுக்கு நடுவே நாலரை அடி. வீல்சேர் போகும், கார் போகாது. குறுக்கு வழி அடைபட்டதும் வண்டிகள் ஒரே பக்கமாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டன. குழந்தைகளின் கையைப் பிடிக்காமலே தாய்மார்கள் வாசலுக்கு நடந்து வந்தார்கள். செருப்பு மாட்ட வசதியாக ஒரு பெஞ்சைத் தூண்களுக்குப் பின்னால் போட்டவரும் நஞ்சுண்டன்தான். அங்கே பயமில்லை என்று அவரே சொன்னார்.

நடுத்தூண் மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி. உற்சவத்தன்று தேர் வெளியே வர வேண்டுமே. அதைத் தரையில் ஒரு குழிக்குள் இறக்கிப் பூட்ட வேண்டும். கழற்றினால் குழியை மூட ஒரு மூடி உண்டு. சாவி நஞ்சுண்டனிடம். தேருக்குத் தவிர எதற்கும் கழற்றக்கூடாது என்று எழுதி ஒட்டியவரும் அவரே.

தை மாதம் மகாதேவன் புது வண்டி வாங்கினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வாகன பூஜையை, பக்கத்து பார்க்கிங் லாட்டில் வைக்காமல் சன்னதிக்கு நேரே வைத்துக்கொள்ளலாமா, நடுத்தூணை ஒரு பத்து நிமிடம் எடுக்கலாமா என்று கேட்டார். அத்தனை பேர் முன்னாலும் நஞ்சுண்டன் சொன்னார்: "சாமிக்கு முப்பதடி தள்ளியும் கண்ணு தெரியுமுங்க சார்." எல்லோரும் சிரித்தார்கள். மகாதேவனும் சிரித்தார். அந்த வார்த்தை ஒரு மாதம் ஊரைச் சுற்றியது.

ஆவணியில் மகள் தென்றல் தன் சம்பளத்தில் முதல் கார் வாங்கினாள்.

"ஏனுங்க, நம்ம புள்ளையோட காரு. சாமி பார்வை நேராப் பட்டா என்ன கொறஞ்சுரும்?" என்றாள் மனைவி நாகமணி. "வியாழக்கெழம காத்தால ஈ காக்கா இருக்காது."

முடியாது என்றார். இரண்டு நாள் முடியாது என்றார். மூன்றாம் நாள், வியாழக்கிழமை, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தூணைக் கழற்றி, செருப்பு ஸ்டாண்டின் ஓரமாகப் படுக்க வைத்தார். வண்டி உள்ளே வந்தது. குருக்கள் மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, அபிஷேகத்துக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார். நஞ்சுண்டன் மாட்டாமல் போவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பழம் நசுங்கியது. தென்றல் பின்பக்கமாகவே வண்டியை எடுத்து, வேலைக்கு லேட் ஆச்சு என்று கிளம்பினாள்.

தூணைத் தூக்கக் குனிந்தார். சாப்பாட்டுக் கூடத்தின் கதவிலிருந்து நாகமணி, பொங்கல் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அறுபது பவுண்டு கனம். முதல் நாளே முதுகு பிடித்திருந்தது. பார்க்கிங்கைப் பார்த்தார், ஒருவரும் இல்லை. யாராவது கால் தடுக்கி விழப்போகிறார்கள் என்று குழியின் மூடியைக் காலால் அழுத்திச் சரியாக மூடினார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று உள்ளே போனார்.

அந்தச் சத்தம் கேட்டபோது அவர் விரலில் நெய் இருந்தது.

மகாதேவனின் வண்டி நடுத்தூண் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, செருப்பு ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு சுவரோடு நின்றது. பெஞ்ச் பிளந்து கிடந்தது. பெஞ்சில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சாந்தாமணி தரையில் கிடந்தார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த அம்மாள். வியாழன்தோறும் பூத்தொடுத்துக் கொடுப்பார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவர் அலறவில்லை. பேத்தியை ஸ்கூலில் இருந்து யார் கூட்டிவருவது என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஆம்புலன்ஸ் போனதும் மகாதேவன் படியில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்து நான்கு.

"பிரேக்னு நெனச்சு ஆக்ஸிலரேட்டர மிதிச்சுட்டேன் நஞ்சுண்டன். தூணையே சாய்ச்சுட்டேன்."

வண்டி இழுத்துவந்த தூண் படிக்குப் பக்கத்தில் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். நஞ்சுண்டன் வாயைத் திறந்தார்.

"அப்படியெல்லாம் நெனைக்காதீங்க சார்" என்ற சொற்கள்தான் வெளியே வந்தன.

சாயங்காலம் அவரே போய்த் தூணைக் குழிக்குள் இறக்கிப் பூட்டினார். செய்ய வேண்டிய வேலைதான்; ஆனால் ஒழுங்காக மூடிக் கிடந்த குழியை யாரும் கவனிப்பதற்குள் முடிக்கத்தான் இத்தனை அவசரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மண்டியிட்டிருந்த அவரை யாரோ படமெடுத்துக் கோயில் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். இப்படிப் பொறுப்பான மனுஷன் கிடைப்பாரா என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே நாற்பத்து மூன்று கும்பிடு. நஞ்சுண்டன் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். அடிபட்ட இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி எண்ணினார்.

இன்னொன்றையும் கணக்குப் போட்டார். தென்றல் கிளம்பிய நேரம் அவள் அனுப்பிய செய்தியில் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரம் நாகமணியின் ஃபோனில் இருந்தது. பன்னிரண்டு நிமிடம்.

எட்டு நாள் ஓடியது. மகாதேவன் கார் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார், கோயிலுக்கு வருவதில்லை என்றார்கள். சாந்தாமணி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நஞ்சுண்டன் பார்க்கப் போகவில்லை. பழம் மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பினார். ரமிரோ ஊன்றிய தூண் ஒரு காரைக்கூடத் தாங்கவில்லை, சனிக்கிழமை அவரை வரச்சொல்லிக் கேட்க வேண்டும், பக்கத்து ஊர்க் கோயிலிலும் அவருக்கு வேலை தர வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. தூணைப் பற்றித் தெரிந்தவர் என்று நஞ்சுண்டனையும் கூப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தட்டில் தோசையை வைத்துவிட்டு நாகமணி எதிரே நின்றாள்.

"நாங் கேட்டுத்தான் நீங்க கழட்டுனீங்க. எம்மேலயும் தப்பிருக்குது. ஆனா அந்த மெக்சிகோக்காரரு என்னங்க பண்ணுனாரு?"

அவர் தோசையைப் பிய்த்தார். சாப்பிடவில்லை.

சனிக்கிழமை வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். மகாதேவனை மகன் கூட்டிவந்திருந்தான். செயலாளர் வான்மதி கையில் ஒரு நோட்டு. ரமிரோ சாவியை வாங்கித் தூணைத் தூக்கினார். அடியைத் திருப்பிப் பார்த்தார். குழிக்குள் கையை விட்டு உட்சுவரைச் சுற்றித் தடவினார். பூட்டின் நாக்கைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். கார் மோதிப் பிடுங்கியிருந்தால் நாக்கு ஒடிந்திருக்க வேண்டும், குழியின் விளிம்பு கிழிந்திருக்க வேண்டும். எதுவும் ஆகவில்லை. மண்டியிட்டபடியே நிமிர்ந்து நஞ்சுண்டனைப் பார்த்தார். ஒரு கணம்தான். வேலை தெரிந்த ஒருவன் வேலை தெரிந்த இன்னொருவனைப் பார்க்கிற பார்வை.

பிறகு எழுந்து, கைகளைத் தட்டிக்கொண்டு, பூட்டு பலமில்லாமல் இருந்திருக்கலாம், தன் பொறுப்பிலேயே வேறு மாட்டித் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நஞ்சுண்டன் தாங்கியிருப்பார். காப்பாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

"பூட்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "நாந்தானுங்க கழட்டுனேன். எம்பொண்ணு காருக்குப் பூஜை. திரும்ப மாட்டாம சாப்பிடப் போயிட்டேன்."

அதையே ரமிரோவுக்காக ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொன்னார். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தார். இருக்கவில்லை.

வான்மதி நோட்டை மூடினாள். மகாதேவன்தான் பேசினார்.

"அப்ப தூண நான் சாய்க்கல."

"இல்லைங்க சார். அங்க தூணே இல்ல."

"என்ன ஸ்பீடுல வந்திருப்பேன்னு ஒம்பது நாளா யோசிச்சுட்டு இருந்தேன்யா. இரும்பத் தள்ளிட்டுப் போற அளவுக்கா மிதிச்சேன்னு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "பெடல் மாத்தி மிதிச்சது நான்தான். அது இல்லேன்னு ஆகாது. ஆனா அன்னைக்கு எனக்கு முடியாதுன்னீங்களே... மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போய் என் பசங்ககிட்ட சொன்னேன், மனுஷன்னா இப்படி இருக்கணும்டான்னு."

நஞ்சுண்டன் சாவியை வான்மதியிடம் கொடுத்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ரமிரோ தன் டிரக்கில் ஏறும்போது நஞ்சுண்டன் போய்க் கையை நீட்டினார். ரமிரோ கையைக் கொடுத்தார். ஆனால் வழக்கமாகச் சொல்லும் தமாஷ் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் நாகமணியோடு சாந்தாமணியைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் மகள் வீட்டு ஹாலில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். டாக்டரிடம் போகவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார் என்றாள் மகள். ஆஸ்பத்திரி வாசலிலும் இப்படித் தூண்கள் இருக்கின்றன. வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவற்றுக்குப் பக்கத்தில் வீல்சேரை நிறுத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"பின்ன என்னங்க தம்பி" என்றார் சாந்தாமணி. "இரும்புக் கம்பத்தையே பேத்துக்கிட்டு வருது. அப்பறம் எங்க போயி ஒளியறது?"

நஞ்சுண்டன் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பொங்கலைக்கூட விடவில்லை. சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கம்பம் நின்னிருந்துச்சுன்னா?"

"பம்பர் நசுங்கியிருக்குமுங்க அக்கா. உங்க மேல தூசி பட்டிருக்காது."

"இத மொத நாளே வந்து சொல்லியிருக்கலாமுங்களே தம்பி. பத்து நாளா வாசப்பக்கம் திரும்பாமப் படுத்திருக்கறேன்."

முறிந்த காலை மட்டுமே நஞ்சுண்டன் கணக்கில் வைத்திருந்தார். இந்தப் பத்து நாள் பயம் அவர் கணக்கிலேயே இல்லை. நாகமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாந்தாமணி மகளைக் கூப்பிட்டு, டாக்டரிடம் போக நாளைக்கே நேரம் வாங்கச் சொன்னார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"சாவி இப்ப யாருகிட்ட இருக்குது?"

"வான்மதிகிட்டக் குடுத்துட்டேனுங்க."

"அது நல்லதுங்க தம்பி" என்றார் அந்த அம்மாள், குத்தல் எதுவும் இல்லாமல். "உக்காருங்க. எத்தன நேரந்தான் நிப்பீங்க."

அவர் உட்கார்ந்தார்.