வெளுக்காத பித்தநீர்

கோட்டைமேட்டில் கல்யாணம் என்றால் தலையணைக்கும் மெத்தைக்கும் சபுராவிடம்தான் வருவார்கள். இலவம் பஞ்சை வெயிலில் காயவைத்து, கொட்டை நீக்கி, உறைக்குள் திணித்துத் தைப்பாள். பழைய பஞ்சைக் கலக்கச் சொன்னால் ஆர்டரையே திருப்பிவிடுவாள். ஊசி விரலில் ஏறினால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த தையலுக்குப் போகிறவள். வலியைச் சொல்லிப் பழக்கமே இல்லை. வலது விலாவுக்குக் கீழே மாதக்கணக்கில் குத்திக்கொண்டிருந்தது கணவன் ரசாக்குக்குக்கூடத் தெரியாது. ஒருநாள் பஞ்சு மூட்டையின் மேலேயே அவள் சுருண்டு விழுந்தபோதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எடுத்த சாதாரண ஸ்கேனில் வாயு மறைத்து பித்தப்பை சரியாகத் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தொண்ணூற்றாறாம் வருடம், ரம்ஜான் மாதம் நடந்துகொண்டிருந்தது.

"நோவோட நோன்பு வேண்டாம் சபுரா. குணமான பொறவு வெச்சுக்கலாம்" என்றான் ரசாக்.

"ஸ்கேனுக்கும் வெறும் வயித்தோடதான வரச் சொல்லியிருக்காங்க? எல்லாம் ஒண்ணாப் போயிருமுங்க" என்று சிரித்தாள்.

அவிநாசி ரோட்டில் புதிதாக வந்திருந்த ஸ்கேன் சென்டர். சாயங்காலம் எந்திரக் குழாய்க்குள் படுத்திருந்தாள். தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோலச் சத்தம் வந்து வந்து நின்றது. வெளியே கொண்டுவந்தவர்கள் அவளைப் பார்க்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். படம் பார்த்த டாக்டர் வெங்கடபதி இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"மத்தியானம் ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?"

"நோன்புங்க."

"பால், டீ? கொஞ்சமா இருந்தாலும் சொல்லிருங்க. தப்பில்லை."

சபுராவுக்கு முகம் கன்றியது. "விடியறதுக்கு முன்னால சாப்பிட்டதுதானுங்க. எச்சியைக்கூடப் பார்த்துப் பார்த்து முழுங்கிட்டிருக்கேன்."

"படம் வேற மாதிரி சொல்லுதே" என்றார் டாக்டர்.

ரசாக் திரும்பி அவளைப் பார்த்தான். ஒரு கணம்தான். வலி தாங்காமல் சமையலறையில் ஒளிந்து எதையாவது குடித்திருப்பாளோ என்று அந்தப் பார்வை கேட்டது. நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவன் அப்படிப் பார்த்ததில்லை. சபுரா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"குடிச்சிருந்தா குடிச்சேன்னு சொல்லிப்போடுவேன் டாக்டர். அல்லாவுக்குத் தெரியாம எங்க போயிக் குடிக்கறதுங்க?"

டாக்டர் அவளையே உற்றுப் பார்த்தார். அவள் சொல்வது உண்மை என்று அவருக்குப் பட்டதும் அவர் முகம்தான் மாறியது. குரலும் தணிந்துவிட்டது.

"நீங்க சாப்பிட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்மா."

பிறகு படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டிச் சொன்னார். பட்டினி கிடந்தால் பித்தப்பை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பித்தநீரைக் கெட்டியாக்கும். கெட்டியான பித்தநீர் இந்த வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். சாப்பிட்டால் பை சுருங்கிக் காலியாகி, புதிதாக ஊறிவரும் நீர்த்த பித்தநீர் நிரம்பும். அது கறுப்பு. "காலையிலிருந்து பட்டினி கிடந்தும் இங்க கறுப்பா இருக்குது பாருங்க. பையோட சுவர் வேலை செய்யலை."

"வேலை செய்யலைன்னா?" என்றான் ரசாக்.

"திறந்து பார்த்தாத்தான் தெரியும். தள்ளிப்போட வேண்டாம்."

"பெருநாள் முடியட்டுங்களே" என்றாள் சபுரா. டாக்டர் தலையாட்டவில்லை.

ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கோட்டைமேட்டை நெருங்கும்போது நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். ரசாக் மடியிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டாளே தவிர, அவன் பக்கம் திரும்பவில்லை.

பெருநாளுக்கு முன்பே அறுவை நடந்தது. பித்தப்பையின் கழுத்தில் கல் அடைத்திருந்தது. சுவர் தடித்து இறுகிப்போயிருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒட்டியிருந்த ஈரலிலும் அதே இறுக்கம் இறங்கியிருந்தது. சர்ஜன் ரசாக்கை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். புற்று என்ற சொல்லை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினார்.

வார்டுக்கு வந்து, "கல்லை எடுத்துட்டாங்க. இனி பயமில்லை" என்றான் ரசாக்.

சபுரா அவன் கண்ணைப் பார்த்தாள். "இன்னைக்கு நோன்பு வெச்சிருக்கறீங்களா?"

"ம்."

"நோன்போட சொல்லுங்க. கல்லு மட்டும்தானா?"

ரசாக் வாயைத் திறந்தான். கண்ணீர்தான் வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். அவள் கையை நீட்டி அவன் விரல்களைக் கம்பியிலிருந்து மெல்லப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, உடுங்க. அழுவாதீங்க" என்றாள்.

ஆடிக்காற்று தொடங்குவதற்குள் அவள் மூச்சு அடங்கிவிட்டது.