எறும்பு வளர்த்த எம்.பி.யும் என் மனைவியும்

நசுங்கிய எறும்பின் புளிப்பு வாசம்... மாமரத்தில் ஏறி முசுறிடம் கடி வாங்கியவர்களுக்கு அது மறக்குமா?

எனக்கு அந்த வாசம் வீட்டிலேயே கிடைக்கிறது. பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊரில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் என் மனைவி கலா கண்ணாடிப் பெட்டிகளில் எறும்பு வளர்க்கிறாள். போன சனிக்கிழமை அந்த வாசத்தோடுதான் மேலே வந்தாள்.

"இண்டைக்குச் சனத்துக்குச் சொல்லப்போறன்" என்றாள். நகரசபைத் தேர்தலில் நிற்கப்போகிறாள் — அதைத்தான்.

சொல்லலாம். ஆனால் எறும்புக்காரிக்கு யார் வாக்குப் போடுவார்கள்?

பக்கத்து ரொக்ஸ்பரோவில் எங்களுக்கு மாதாந்தக் கூட்டம் உண்டு. ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் பேசுவார். எப்போதும் தமிழ்ப் பெரியவர்தான். கலா எடுத்ததோ, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து எம்.பி. ஒருவரை!

முன்வரிசையில் செல்லத்துரை அண்ணை எழும்பினார். "தங்கச்சி, எங்களை ஆண்ட வெள்ளைக்காரனுக்கு இஞ்சையும் மாலையோ?"

மண்டபம் சிரித்தது. கலா மைக்கை விடவில்லை.

"கேளுங்கோ அண்ணை. நல்லதிருந்தா எடுப்பம், இல்லாட்டி விடுவம். பேந்து ஏசுங்கோ."

சொன்னாள். அந்த எம்.பி. ஒரு வங்கி முதலாளி. வீட்டிலே கண்ணாடித் தட்டுகளுக்கிடையில் எறும்புக் கூடுகள். எறும்பின் முதுகில் ஒரு பொட்டு பெயின்ட் — எது எங்கே போகிறது என்று பார்க்க. பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. அதே மனிதர்தான் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, வங்கிகளைப் பூட்டி ஊழியர்களுக்கு ஓய்வு கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்.

"ஊரில 'பாங்க் ஹொலிடே' எண்டு படுத்துக் கிடந்தமே... அந்த யோசினை ஆருக்கு முதல் வந்தது?"

ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த முகங்கள் நிமிர்ந்தன.

"அசையாமல் இருந்து எறும்பைப் பாத்த ஆளுக்குத்தான் களைச்ச மனிசனும் கண்ணில பட்டான். நானும் பாக்கிறன். ஸ்னோவுக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கிற உங்களையும் பாக்கிறன். அதுதான் தேர்தலில நிக்கிறன்."

கைதட்டல் எங்கே தொடங்கியதோ தெரியாது. மழை மாதிரி வந்தது. "என்ர மனிசி" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவருக்கு அது எப்போதோ தெரியும். இன்னொரு தடவையும் சொன்னேன்.

சத்தம் போடுகிறவரையே தலைவர் என்று நம்பிப் பழகிவிட்டோம். உற்றுப் பார்க்கிறவரை மட்டும் ஏன் உதவாதவர் என்று ஒதுக்குகிறோம்?

வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே செல்லத்துரை அண்ணை கலாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வீடு வீடா வாக்குக் கேக்கப் போகேக்க என்னையும் கூப்பிடும், தங்கச்சி. பிரெஞ்சு நான் கதைக்கிறன்; உம்மட பிரெஞ்சைக் கேட்டா, இருக்கிற வாக்கும் போயிடும். வாறன்."