தேதி கிடைக்காத சந்தியாகு

சந்தியாகுவிடம் என்னென்ன கெட்ட பழக்கம் கிடையாது என்று எழுத உட்கார்ந்தால் தாள் பற்றாது. பீடி இல்லை, சீட்டு இல்லை, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. மதுவிலக்குக் காலத்துப் பம்பாயில், சந்துக்குச் சந்து சாராயம் காய்ச்சிய தாராவியில் பதினாறு வருஷம் குடியிருந்தும், அந்த வாடை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மனுஷன். இப்பேர்ப்பட்டவருக்கு 1964-ல் ஒரு துன்பம் வந்தது. சொல்லிக்கொள்ள ஒரு பாவம் இல்லாத துன்பம். சிரிக்காதீர்கள், அவருக்கு அது உயிர்போகிற விஷயம்.

வேலை மாட்டுங்காவில், ஒரு இரானி பேக்கரியில் மாவு பிசைவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கையால் பிசைந்து சுட்ட முழு ரொட்டி ஒன்றை வெள்ளைத் துணியில் சுற்றி, தாராவிச் சபைக்கு எடுத்து வருவார். சபை என்றால் கோபுரமும் மணியும் தேட வேண்டாம்; தகரக் கூரை போட்ட நீள அறை, பத்துப் பெஞ்சு, ஒரு மேஜை. மேஜையில் ரொட்டியை வைத்து மூப்பர் ஜோசப்ராஜ் ஜெபித்துப் பிட்பார். தட்டு கைமாறிக் கைமாறி நாலாவது பெஞ்சுவரை வந்து நின்றுவிடும். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் அப்பம். சந்தியாகுவுக்கு இடம் ஐந்தாவது பெஞ்சு. பிசைந்தது அவர், சுட்டது அவர், சுமந்து வந்தது அவர். தின்ன மட்டும் கொடுத்துவைக்கவில்லை. இப்படியே இரண்டு வருஷம்.

ஜோசப்ராஜ் ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். நட்டை முடுக்குகிற மாதிரியே உபதேசத்தையும் கடைசிச் சுற்றுவரை முடுக்குவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதியவர்களை உட்காரவைத்துச் சபையின் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பார். வேதம் தேவனுடைய வார்த்தை, அதில் ஒரு எழுத்தும் பிசகாது. சந்தியாகு தலையாட்டினார். தர்மம் செய்தோ தவம் கிடந்தோ மோட்சத்துக்குப் போக முடியாது. இயேசு சிலுவையில் நமக்காகச் செத்தார் என்று நம்புகிறவனுக்கு அது கிருபையாகக் கிடைக்கும், இனாம். அதற்கும் ஆட்டினார். குழந்தையில் ஊர்ச் சாமியார் ஞானஸ்நானம் என்று தெளித்த தண்ணீர் செல்லாது; விவரம் தெரிந்து விசுவாசித்தவன் முழுசாக முங்கி எழ வேண்டும். ஆட்டினார். ஆண்டவர் திரும்ப வருவார், இன்றைக்கே வந்தாலும் வருவார். பலமாக ஆட்டினார். மனுஷர் எல்லாரும் பாவிகள். இதற்கும் ஆட்டினார்தான், ஆனால் ஊரிலுள்ள மற்ற மனுஷர்களை நினைத்துக்கொண்டு.

வண்டி நின்றது அடுத்த கேள்வியில்.

"நீரு மறுபடி பிறந்தது என்னைக்கு, பிரதர்? தேதி சொல்லும்."

ஞானஸ்நானத்துக்கு முன்னால் சபை நடுவே எழுந்து, தான் எப்படிப்பட்ட பாவியாக இருந்தான், எந்த நாளில் மனம் உடைந்து இரட்சிக்கப்பட்டான் என்று சாட்சி சொல்ல வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம்.

"தேதி... அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லீங்களே."

"பிறந்த தேதி மறக்கலாம், பிரதர். அப்ப நாம கைக்குழந்தை. மறுபடி பிறந்த தேதி மறக்குமா?"

சந்தியாகு ஒரு மாசம் யோசித்து, ஒரு பாவத்தோடு வந்தார். ஐம்பதாம் வருஷம் தாதரில் டிக்கெட் இல்லாமல் ட்ராமில் போயிருக்கிறார்.

"சரி. அன்னைக்கு உள்ளம் உடைஞ்சுதா?"

"இல்லீங்க. கண்டக்டரப் பாத்து ஓடுத ட்ராம்லேருந்து குதிச்சேன். முட்டிதான் உடைஞ்சுது."

ஜோசப்ராஜ் கெட்டவர் இல்லை. "ஜெபம் பண்ணும், ஆண்டவர் காட்டுவாரு" என்று முதுகில் தட்டி அனுப்பிவைத்தார்.

மற்றவர்களுக்கெல்லாம் எப்பேர்ப்பட்ட சாட்சிகள்! சந்தியாகுவின் மனைவி ஏஞ்சலம்மாளுக்கு 1962 பெரிய வெள்ளி. முந்தின நாள் குழாயடிச் சண்டையில் அடுத்த வீட்டு லூர்து மேரியின் மண்டையைப் பித்தளைக் குடத்தால் பிளந்து, மறுநாள் அழுது மனந்திரும்பியவள். அய்யாத்துரை என்று ஒருவன் வந்தான். தாதர் பாலத்தில் பன்னிரண்டு வருஷம் ஜேப்படி. அவன் சாட்சி சொன்ன அன்று பெண்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள், ஆண்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மாசத்தில் ஞானஸ்நானம், மூன்றாவது பெஞ்சு. சந்தியாகு சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு அவன் உதட்டைத் துடைத்தபோது, நம்ம சாதுவுக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் அதைவிடப் பெரிய இடி. ஒரு ஞாயிறு இரண்டாம் வருகையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த ஏஞ்சலம்மாள் அரிசி களைந்துகொண்டே அழுதாள்.

"எக்காளம் ஊதுனா நான் மேல போயிருவேன். நீங்க இங்கனயே மாவு பிசைஞ்சுகிட்டுக் கெடப்பிய. ஒரு தேதி, ஒத்தத் தேதி சொல்ல வக்கில்லாமப் போச்சே உங்களுக்கு! எதையாவது செஞ்சு தொலைச்சிருக்கக் கூடாதா?"

மனுஷனும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? நவம்பர் முதல் ஞாயிறு. மூப்பர் "யாருக்காவது சாட்சி உண்டா?" என்று கேட்டதும், ஐந்தாவது பெஞ்சிலிருந்து சந்தியாகு எழுந்தார்.

"நான்... கல்யாணத்துக்கு முந்தி சாராயம் காச்சுனேன்."

ஏஞ்சலம்மாள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் திரும்பினாள். அந்தப் பார்வை ஊற்றிய தெம்பில் சந்தியாகு பொழிந்து தள்ளினார். ஐம்பத்தொண்ணில் ஒரு ட்ரம் நிறையக் காய்ச்சினாராம். வெல்லத்தைக் கரைத்து, ஈஸ்ட் போட்டு, துணியால் மூடிப் பொங்கவிட்டு, பட்டி அடுப்பில் வைப்பாராம். அய்யாத்துரை பக்கத்திலிருந்தவன் காதில், "இவரு சொல்லுத பக்குவத்துக்குச் சாராயம் வராது, பன்னுதான் வரும்" என்றான். நல்லவேளை, அது மேஜைவரை எட்டவில்லை.

"தேதி, பிரதர்?"

"அம்பத்திரண்டு, அக்டோபர் ரெண்டு!" காந்தி பிறந்த நாள். அதுதான் சட்டென்று வாயில் வந்தது.

அல்லேலூயாவில் தகரம் அதிர்ந்தது. அடுத்த ஞாயிறு மாஹிம் கடலில் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

அந்த வாரம் சந்தியாகு ராஜாதான். எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள். ஏஞ்சலம்மாள் முதல் நாள் "பத்து வருஷமா எங்கிட்ட மறைச்சியளே!" என்று பாத்திரத்தை எறிந்தாள், மறுநாளிலிருந்து குழம்பில் துண்டு மீன் கூடுதலாக விழுந்தது. போலீசுக்குப் பயப்படாத ஆம்பிளையோடு இத்தனை நாள் குடித்தனம் பண்ணியிருக்கிறோம் என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு மராட்டிக்காரன் கதவைத் தட்டி, "அண்ணா, ஏக் பாட்லி?" என்று ஒரு புட்டி சாராயம் கேட்டான். சந்தியாகு அவன் கையில் இரண்டு பன்னைக் கொடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை பேராச்சி வந்தாள்.

பேராச்சி சயான் ஸ்டேஷன் பக்கம் கருவாடு விற்கிறவள், சபையில் பெண்கள் பக்கத்து நாலாவது பெஞ்சு. அவள் புருஷன் சுயம்பு ஐம்பத்தொண்ணில் கள்ளச் சாராயம் குடித்து, கண் போய், இரண்டாம் நாள் உயிரும் போனவன். இது சபைக்கே தெரியும். சந்தியாகுவுக்கும் தெரியும். பொய் சொல்லுகிற அவசரத்தில் எந்த வருஷத்தைச் சொல்கிறோம் என்று அந்த மனுஷன் யோசிக்கவில்லை.

"உக்காருங்க அக்கா" என்றார்.

"உக்கார நேரமில்ல. ஒரு சொல் சொல்லிட்டுப் போறேன்." பேராச்சி கூடையை இறக்கி, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். நல்ல நெய்மீன் கருவாடு. "பதிமூணு வருஷமா ஜெபத்துல எல்லாத்தையும் சொல்லுவேன் அய்யா. பிறத்தியார மன்னிக்கோம்னு வருத எடத்துல மட்டும் வாய மூடிக்கிடுவேன். எவன மன்னிக்க? மூஞ்சி தெரியாதே. ஞாயித்துக்கெழம ஒம் மூஞ்சியப் பாத்தேன். நீ காச்சுனதோ, வேற எவன் காச்சுனதோ, அது எனக்கு வேண்டாம். ஒன்ன மன்னிச்சிட்டேன். நேத்துதான் நல்லாத் தூங்குனேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு, கருவாட்டோடு வீடு தேடி வந்திருக்கிறது. செய்த பாவமோ நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்தப் பொம்பிளையின் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் பொய்யோடு கடலில் இறங்க வேண்டும். அன்றும் மறுநாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேக்கரியில் மாவில் உப்புப் போட மறந்து முதலாளி சேட்டிடம் வசவு வாங்கினார். மனுஷர் எல்லாரும் பாவிகள் என்று மூப்பர் சொன்னது யாரைப் பற்றி என்று இப்போது விளங்கியது.

ஞாயிறு காலை, மாஹிம் கரையில் சபை வெள்ளை உடுத்திப் பாடிக்கொண்டு நின்றது. ஜோசப்ராஜ் சந்தியாகுவை இடுப்பளவு தண்ணீருக்கு நடத்திப்போய், ஒரு கையை முதுகிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்து, "பிதா, குமாரன்..." என்று ஆரம்பித்தார். சந்தியாகு அவர் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நிறுத்தும்! நான் காச்சல."

"என்ன காய்ச்சல், பிரதர்? மேல் சுடலையே."

"சாராயம்! நான் சாராயம் காச்சவே இல்ல. ரொட்டிக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னேன்!"

அலைச் சத்தத்தில் கரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் சந்தியாகு தொண்டை கிழியக் கத்தினார். "நான் சாராயமே காச்சலே!" வலை உலர்த்திக்கொண்டிருந்த மீன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் நின்ற போலீஸ் ஹவல்தாரும் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ட்ரம்மே கெடையாதா?" என்றாள் ஏஞ்சலம்மாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சந்தியாகு யாரையும் பார்க்கவில்லை, பேராச்சியைப் பார்த்தார். "அக்கா, செத்த மனுஷன் பேருல பொய் சொல்லிட்டேன். ஒங்க நெஞ்சோட வெளயாடிட்டேன். நான் பாவி, அக்கா. நான் பெரும் பாவி." கடல் நடுவே குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

பேராச்சி சேலையைக்கூடத் தூக்கிச் செருகாமல் தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். எல்லாரும் அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். மூப்பரே அரை அடி விலகினார்.

"கொடுத்தத நான் திருப்பி வாங்க மாட்டேன்" என்றாள் அவள். "மன்னிச்சது மன்னிச்சதுதான். அத இந்தப் பொய்க்கு வச்சுக்க. காச்சுனவன் எவனோ, அவன நான் பெறவு பாத்துக்கிடுதேன்."

கிருபையைப் பற்றி ஜோசப்ராஜ் எத்தனையோ வெள்ளிக்கிழமை முடுக்கியிருக்கிறார். இவ்வளவு இறுக்கமாக அவருக்கே உட்கார்ந்ததில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தேதி சொல்லும், பிரதர்."

சந்தியாகு மூக்கைச் சிந்தினார். "இன்னைக்கு என்ன தேதிங்க?"

மூப்பருக்கும் சட்டென்று வரவில்லை. கரையிலிருந்து அய்யாத்துரை, "எட்டு! நவம்பர் எட்டு!" என்று கூவினான்.

"நவம்பர் எட்டு" என்றார் சந்தியாகு. தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் முங்கி எழுந்தார்.

எல்லாரும் சபைக்குத் திரும்பினார்கள். சந்தியாகு ஈரத் துணியோடு நாலாவது பெஞ்சில், நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தார். தட்டு பெண்கள் பக்கம் சுற்றி வந்து பேராச்சி கையில் நின்றது. அவள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தட்டை இந்தப் பக்கம் நீட்டினாள்.

"ஒங்கிட்ட ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன்" என்று குனிந்து கிசுகிசுத்தாள். "ஒன் ரொட்டியில உப்பு கம்மி."

சந்தியாகு வாயில் போட்டு மென்றார். கண்ணீர் மீசை வழியாக உதட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்குச் சரியா இருக்கு, அக்கா" என்றார்.