வெறும் வயிற்றுப் பரீட்சை

மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு அல்ட்ராசவுண்ட் சொல்லிக்கொடுத்து, பரீட்சையும் வைப்பது என் தலையில் விழுந்த வேலை. மெஷின் ஒன்றே ஒன்று. பதிவு செய்த அறையை விட்டு அது நகரக் கூடாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லிச் சம்பாதித்தவர்களுக்காகப் போட்ட சட்டம், நியாயமானதுதான். ஆனால் அதனால் காலையில் தொடங்க வேண்டிய பரீட்சை, நோயாளிகள் கூட்டம் வடிந்த பிறகுதான் தொடங்கும். வருடா வருடம் இதே கதை. அலுத்துவிட்டது.

பரீட்சைக்கு ஒரு வயிறு வேண்டும். தாராவியில் தோல் பை தைக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்து படுப்பார். ஒல்லி உடம்பு, உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரியும். பட்டினியாக வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. பால் டீ உள்ளே போனால்கூடப் பித்தப்பை சுருங்கிவிடும், கற்றுக்குட்டிகளின் கண்ணில் படாது.

அன்றைக்கும் மத்தியானம் ஆகிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அண்ணாச்சி வயிற்றில் ஜெல்லைப் பிதுக்கினார்கள், கல்லீரல், சிறுநீரகம், பித்தப்பை என்று காட்டினார்கள், மார்க்கை எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். ஒருவரும் ஜெல்லைத் துடைத்துவிடவில்லை. அவரே துடைத்துக்கொண்டார். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

செம்பூர்ப் பெண் ஒருத்தி பாக்கி. தமிழ்ப் பெண்தான். போன தடவை தவறியவள். இதிலும் தவறினால், கூடப் படித்தவர்கள் வார்டுக்குப் போய்விடுவார்கள், இவள் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அந்த நேரம் பார்த்து குர்லாவிலிருந்து வயிற்று வலியோடு ஒரு அவசர கேஸ் வந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பினேன். அது முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

திரும்ப அழைத்தபோது அவள் கல்லீரலைச் சரியாகக் காட்டினாள். சிறுநீரகமும் சரி. பித்தப்பை மட்டும் அகப்படவில்லை. அண்ணாச்சியைப் புரண்டு படுக்கச் சொல்லிப் பார்த்தாள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். மார்க் போடும் என் சக டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை சார்," என்றாள்.

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். "புள்ள மேல கோவப்படாதிய சார். வெளிய எனக்குக் கை நடுங்கிச்சுல்லா, பாத்துட்டா. அவதான் டீ வாங்கித் தந்தா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பால் டீ குடுத்தா சுருங்கிடும்னு நோக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா குடுத்தே?"

"பாவம் சார், காலைலேர்ந்து பட்டினி. சக்கர் வர்றது, தலை சுத்தறதுன்னார்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ரூல்னா ரூல்தான்," என்றார் சக டாக்டர் இந்தியில். "பித்தப்பை இல்லையென்றால் மார்க் இல்லை. வேண்டுமானால் நாளைக்கு இன்னொரு பட்டினி வயிற்றைக் கொண்டு வா."

கேலியாகத்தான் சொன்னார். கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரைப் பிடிப்பது என்று யோசித்தேன். அண்ணாச்சியை இன்னொரு நாள் பட்டினி போட மனசு வரவில்லை.

மறுநாள் மாட்டுங்கா வீட்டில் காபியைத் தொடாமல் கிளம்பினேன். "உங்களுக்கா பரீட்சை?" என்றாள் மனைவி. லோக்கல் ரயிலில் நின்றபடி வந்தேன். வழக்கம்போல நோயாளிகள் தீர மத்தியானம் ஆனது. தலை விண்விண் என்றது. எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒரு டீக்காக யார் காலிலும் விழுந்திருப்பேன்.

உள்ளே வந்த செம்பூர்ப் பெண், சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு படுத்திருந்த என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா, எனக்குப் பசிக்கறது," என்றேன்.

ஜெல் சில்லென்றது. திரை அவளும் சக டாக்டரும் இருந்த பக்கம் திரும்பியிருந்ததால் எனக்கு மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. அவள் கை விலா எலும்புக்கடியில் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. இதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"மூச்சை இழுத்துப் பிடிங்கோ சார்."

பிடித்தேன். கை நின்றது. பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

"ஹோ கயா, பாஸ்," என்றார் சக டாக்டர், மார்க் தாளை அவள் பக்கம் நீட்டியபடி.

அவள் அதைப் பார்க்கவில்லை. துணியை எடுத்து என் வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.