நான்கு மடிப்புக் கவுன்

ஆப்பிரிக்காவில் அம்மா இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு எட்டு வயது. அம்மா இல்லாமல் அதெப்படி இருக்க முடியும் என்று மூக்கின் மேல் விரல் வைத்தேன். என்னைப் பெற்றவள் நான் பிறந்த கையோடு செத்துப்போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் அத்தை இருந்தாளே!

அத்தை, அப்பாவின் தங்கை. நாசரேத்தில் தையல் படித்துவிட்டு, தூத்துக்குடியில் எங்கள் வீட்டோடு இருந்து தையல் டீச்சராக வேலை பார்த்தாள். எனக்குத் தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, முதுகில் இரண்டு வைப்பது எல்லாம் அவள்தான். அந்த வருஷம் அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ள, சாயர்புரத்திலிருந்து சித்தி வந்திருந்தாள். நல்லவள்தான், பாவம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட அவளுக்குக் கூச்சம். எனக்கோ அவள் விருந்தாளி. என்றைக்குத் திரும்பிப் போவாள் என்று அத்தையிடம் கேட்டே விட்டேன். அத்தை என் பின்னலை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

ஆப்பிரிக்கா சமாச்சாரம் ஒரு கடிதத்தில் வந்தது. அங்கே அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு கட்டி வளர்க்கும் ஒரு சங்கம் அத்தைக்கு எழுதியிருந்தது. கூடவே ஒரு போட்டோ. தகரக் கூரை வீட்டின் முன்னால் பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலி என்னைப் பாடாய்ப் படுத்தியது.

"இது யாருக்கு அத்த?"

"அந்த வீட்டு அம்மாவுக்கு. பத்துப் பிள்ளைக்கு ஒரு அம்மா. இப்பம் ஆளு இல்ல, தேடுதாவ."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். அந்தச் சுருட்டை முடியில் பேன் பார்ப்பது எப்படி? பத்துப் பேரும் சேர்ந்து அழுதால் யாரை முதலில் தூக்குவது? அப்புறம், கிறிஸ்துமஸ் கவுனுக்கு மடிப்பு யார் பிரித்துவிடுவது?

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தால், தொளதொளவென்று தைத்து, கீழே மிச்சத் துணியை உள்பக்கமாக மடித்து அடித்துவிடுவார்கள். பிள்ளை வளர்ந்ததும் மடிப்பைப் பிரித்தால் கவுன் இறங்கும். மற்ற வீடுகளில் ஒரு மடிப்பு, மிஞ்சினால் இரண்டு. என் துணியில் அத்தை வேறு யாரையும் கைவைக்க விடமாட்டாள்.

"ஏளா, ஒனக்கு வந்திருக்க கவலையப் பாரு," என்று அத்தை சிரித்தாள். ஆனால் போட்டோவை வேதப்புத்தகத்துக்குள் வைத்தவள் அதை அடிக்கடி எடுத்துப் பார்த்தாள்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில், முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வந்த சாயங்காலம் வெளுத்து வாங்கினேன். "ஆண்டவரே, அம்மா இல்லாத அந்தப் பிள்ளைகள் பாவம். அவர்களுக்குச் சீக்கிரம் ஒரு நல்ல அம்மாவை அனுப்பும்." ஆமென் சொல்ல ஆளைக் காணோம். கண்ணைத் திறந்தால் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அத்தை என்னையே பார்த்தாள். ஜெபம் அவ்வளவு உருக்கமாக அமைந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

இரண்டே மாதத்தில் அத்தை பெட்டி கட்டினாள். நான் கேட்டது யாரோ ஒரு அம்மாவை. என் அத்தையையா கேட்டேன்? ஆண்டவர் மேல் வந்த கோபத்தில் ஒரு வாரம் ஜெபத்துக்கே உட்காரவில்லை. ஊரிலேயே துறைமுகத்தை வைத்துக்கொண்டு, கப்பல் ஏறுவதற்கு அவள் ரயிலில் பம்பாய் போனது இன்னொரு அநியாயம்.

புறப்படும் முன் எனக்கு ஒரு நீலக் கவுன் தைத்துக் கொடுத்தாள். கீழே நான்கு மடிப்பு. நடந்தால் முழங்காலில் கனமாக இடித்தது.

"எதுக்கு அத்த இத்தன?"

"நான் வர நாலு வருஷம் ஆகும்லா. வருஷத்துக்கு ஒண்ணு. சித்திகிட்ட போயி பிரிச்சுக்க. வேற யாரும் தொடப்பிடாது, கேட்டியா?"

தன்னுடைய சின்னக் கத்தரிக்கோலைச் சித்தியிடம் நீட்டினாள். சித்தி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் கவுன் மேலே ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் சித்தி முன்னால் போய் நின்றேன். அவள் மண்டியிட்டு, துணி கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து ஒவ்வொரு தையலாக நறுக்கினாள். முடிந்ததும் விளிம்பைத் தடவிவிட்டு, "திரும்பு பிள்ள," என்றாள். திரும்பினேன். பின்னல் கோணலாக இருக்கிறதென்று அதையும் அவிழ்த்துப் பின்னிவிட்டாள். அன்றே அத்தைக்கு எழுதினேன்: 'ஒரு மடிப்பு முடிந்தது. இன்னும் மூன்றுதான். அந்த நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிட்டு வந்துவிடு.'

நான்காவது மடிப்பைப் பிரித்த அன்று, அத்தை எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. சித்தியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து அதற்குள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தையல் பிரிக்க எனக்கே நன்றாகத் தெரியும். பிறகு எதற்காக அத்தை என்னை அவளிடமே அனுப்பினாள் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.