ஆறாவது கேள்வி

அக்கா கல்லூரியில் சமூகவியல் எடுத்ததும் வீட்டில் பெரிய கலாட்டா எதுவும் நடக்கவில்லை. பேருந்து ஓட்டுகிற அப்பா மட்டும், "ஜனங்களப் பத்திப் படிக்கக் காலேஜ் எதுக்கும்மா? என் பஸ்ல ஏறி ஒரு நாள் நில்லு, ஓசியிலயே டிகிரி கெடச்சிடும்" என்றார்.

அக்கா நிஜமாகவே ஏறி நின்றாள். காலை முதல் மாலைவரை. தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார எத்தனை பேர் தயங்குகிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் அப்படித்தான். நீங்கள் கொட்டாவி விட்டால்கூட, கூட யார் விட்டார்கள் என்று பார்ப்பாள். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஜெராக்ஸ் கடை, இடையில் கிடைக்கிற நேரமெல்லாம் மற்றவர்களை உற்றுப் பார்ப்பது. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எனக்கு அவள் வைத்த பெயர் 'ரவுடி'. நான் அவளுக்கு வைத்தது 'சர்வே'.

கடைசி வருடம் ஆய்வறிக்கை வந்தது. எங்கள் கட்டடத்தில் ஐந்து மாடி, மாடிக்கு நாலு வீடு, லிஃப்ட் கிடையாது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற இருபது வீட்டுக்காரர்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆறாவது கேள்வி: "கடந்த வாரம் உங்கள் வாசலுக்கு வந்தவர்கள் யார், எதற்காக?" ஏற்கெனவே போன பருவத்தில் ஒரு தாளில் கோட்டை விட்டிருந்தாள். இதுவும் போனால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். வந்த வேலைவாய்ப்பும் போயே போய்விடும்.

"மேல் ரெண்டு மாடி நீ பாத்துக்கோடி. எட்டு வீடுதான். எழுதத் தெரியும்ல?"

"ரொம்பத்தான் கொழுப்பு ஒனக்கு."

ஏழு வீட்டை ஒழுங்காகவே முடித்தேன். எட்டாவது, ஐந்தாம் மாடி மூலை வீடு. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். நாங்கள் செக்கர் என்போம். அங்கே போகாமல், படியில் உட்கார்ந்தபடி நானே பதில் எழுதிவிட்டேன். வந்தவர்கள்: தம்பி மகன், பழைய நண்பர்கள் மூவர், பக்கத்து வீட்டுக் குழந்தைகள். எதற்காக: சீட்டாட, அரட்டையடிக்க. கதை விடுவதென்று ஆன பிறகு கஞ்சத்தனம் எதற்கு என்று தாராளமாகவே எழுதினேன்.

அந்தத் தாராளம்தான் வினையானது. அக்காவின் மேடம் அந்தப் படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "தனியாக இருப்பவருக்குத்தான் இத்தனை பேரா! இதையே தனி அத்தியாயமாக எழுது." அக்கா பன்னிரண்டு பக்கம் எழுதித் தள்ளினாள். வெள்ளிக்கிழமை வைவா. புதன்கிழமை, "செக்கர்கிட்ட இன்னும் நாலு கேள்வி கேக்கணும், வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு படியேறினாள்.

மூன்றாம் மாடி திரும்புகிற இடத்தில் என் கால் நகரவில்லை. செக்கர் படிவம் நானே எழுதியது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"மத்த ஏழு?"

"நெசம்க்கா. சத்தியமா."

"அவர்கிட்ட மட்டும் ஏன்டி போகல?"

"பெல் அடிச்சா அவர் கதவைத் தெறந்துடுவாரே."

அக்காவுக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்த வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடுவதுதான் எனக்கு சாயங்கால வேலை. சொன்னது எனக்கே கேவலமாக இருந்தது.

"எந்திரி" என்றாள்.

செக்கர் உடனே கதவைத் திறந்தார். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. எங்களுக்காக உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலையும் ஒரு பெட்டியையும் இழுத்து வந்தார். அக்கா புதுப் படிவத்தை மடியில் வைத்து, முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். ஆறாவது வந்தது.

"தண்ணி கேன் போடறவர் வருவார். ஆனா வெளியவே வச்சிட்டுப் போயிடுவார்."

"வேற யாரும் வரலையா சார்?"

"வாரத்துக்கு ரெண்டு மூணு வாட்டி, ஆறு மணி வாக்குல ஒரு ஆள் வரும். பெல் அடிக்கும், ஓடிடும்."

"எதுக்காக வருதுன்னு..."

"அதை அதுகிட்டதான் கேக்கணும். எறங்கறப்ப வலது செருப்பு தேயும், அந்தச் சத்தம் மட்டும் தெரியும்."

என் வலது கால் தானாகப் பெட்டிக்கு அடியில் போயிற்று.

"ஒங்களுக்குத் தொந்தரவா இல்லையா சார்?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப ஆறு மணிக்கு சட்டையப் போட்டுட்டு ஒக்காந்துடறேன்." பிறகு, "போன மாசம் ஒரு வாரம் வரவே இல்ல. ஒடம்பு சரியில்லையோ என்னமோ" என்றார்.

அந்த வாரம் நான் படிவங்களோடு அலைந்துகொண்டிருந்தேன்.

அக்கா சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்துக் கட்டத்தில் உறவு, நட்பு, வியாபாரம், மற்றவை என்று நாலு இருந்தது. பேனா நட்புக்கும் மற்றவைக்கும் நடுவில் வெகுநேரம் நின்றது.

பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, இரண்டு நாளில் ஐந்து பக்கம் எழுதினாள். வைவாவில் முதல் படிவம் பொய் என்று அவளே சொன்னாளாம். யார் செய்தது என்று மேடம் கேட்டாராம். "என் ஆய்வு மேடம். நான்தான் சரிபார்க்கல" என்றிருக்கிறாள். பதினைந்து மதிப்பெண் போனது. மயிரிழையில் தேறினாள்.

"என் பேரச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா ஒன்ன எந்தக் கட்டத்துல போடறதுன்னு கேப்பாங்க. எனக்கே இன்னும் தெரியல."

திங்கட்கிழமை ஆறு மணிக்கு மணி அடித்தேன். உள்ளே காலடிச் சத்தம் கதவை நெருங்க நெருங்க, என் கால் பழக்கதோஷத்தில் படிப்பக்கம் திரும்பியது. கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.