நாற்பது கதிரைகளுக்கு நான்கு பெரிய பெட்டிகள்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வரைபடத்தில் பதினொரு கிலோமீற்றர். ஒக்டோபர் மழையில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் இரண்டு பேரரசுகள் எழுந்து விழுந்துவிடும். கடந்த ஒக்டோபரில் ஒரு சனியும் அதற்கடுத்த ஞாயிறும் நான் அந்தப் பாதையில் அலைந்தேன். சின்ன மண்டபமொன்றில் பாட்டுக் கச்சேரி வைக்க நினைத்து, வாடகைக்கு சவுண்ட்ஸ், அதாவது மைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும், எடுக்க அந்தப் பக்கம் போக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்ததை நீங்களும் செய்யாமலிருக்க உதவும்.

காரணம் என் நண்பன் கணேசு. வயது அறுபத்திரண்டு. ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவோடு திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் பாடியவன். அவன் பாடத் தொடங்கினால் கடல் அலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. இப்போது அவன் தொண்டையில் கட்டி. சத்திரசிகிச்சை புதன்கிழமை என்று குறித்தாயிற்று. அதற்குப் பிறகு குரல் இருக்குமா என்று கேட்டதற்கு வைத்தியர் கூரையைப் பார்த்தாராம். அப்படியானால் முந்திய ஞாயிறு ஒரு தடவை பாடலாமா என்று கேட்டிருக்கிறான். இருபது நிமிடம், அதற்குமேல் தொண்டை தாங்காது என்று அனுமதி கிடைத்தது. நான்கு பாட்டு, பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்று அவனே பிரித்து வைத்தான்.

இடம், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு ரியூஷன் வகுப்பின் மேல்மாடி. நீளம் முப்பத்திரண்டு அடி, அகலம் பதினெட்டு, உயரம் ஒன்பது. தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி யன்னல். நாற்பது கதிரை. ஞாயிறு மாலை நான்கு மணி. சவுண்ட்ஸ் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாக ஏற்றுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 9.10 ரயில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு மூன்றாம் வகுப்பு நாற்பது ரூபா. கடல் பக்கம் இருங்கள் என்று வழக்கமாகச் சொல்வேன். அன்று கடல் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் கிடந்தது, பார்க்கவே மனம் வரவில்லை. பக்கத்தில் குடையோடு இருந்தவர் எங்கே பயணம் என்று கேட்டார். நண்பனின் கச்சேரிக்கு சவுண்ட்ஸ் எடுக்க, நூறு பேராவது வருவார்கள் என்றேன். அழைத்தது அறுபது பேரை. மழையில் முப்பது பேர் வந்தாலே அதிசயம்.

9.35க்குக் கோட்டை. அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ, மீற்றர் போட்டு முந்நூற்று இருபது ரூபா. பஸ்ஸும் உண்டு, ஆனால் மழையில் புறக்கோட்டையில் பஸ் பிடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொர்க்கம் கட்டி வைத்திருக்கிறார்களாம். ஓட்டோக்காரர் ஜிந்துப்பிட்டி ஆள்.

"பங்ஷனா ஐயா?"

"கச்சேரி. இருநூறு பேர்."

"அம்மாடி! இந்த மழையில இருநூறு பேரா? அப்ப பாடுறவரு பெரிய ஆளாத்தான் இருக்கணும்."

"பெரிய ஆள்தான்" என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

கடை, பிரதான வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றில். தரையிலிருந்து கூரை வரை கறுப்புப் பெட்டிகள். உரிமையாளர் ரஷீத் நானா, ஐம்பது வயதிருக்கும், மெலிந்தவர், காதில் பென்சில். கொப்பியைத் திறந்துகொண்டு, உலகில் என்னைத் தவிர எல்லோரும் ஒழுங்காகப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்டார்.

"எத்தின பேர் வார?"

"முந்நூறு." கொட்டாஞ்சேனை வந்து சேர்வதற்குள் அவ்வளவாக வளர்ந்துவிட்டது.

"கடைசிக் கதிர எவ்வளவு தூரத்தில ஈக்குது?"

"நல்ல தூரம்."

"கீழ டைல்ஸா, காபட்டா?"

"டைல்ஸ். அரண்மனை மாதிரி."

"பாடுறவர்ட கொரல் எப்புடி? பெரிசா, மெல்லிசா?"

"சிங்கம், நானா."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "கோவிச்சிக்காதீங்க. நாப்பது அம்பது பேர் எண்டா எட்டிஞ்சி பெட்டி ரெண்டு போதும். ஸ்டேண்ட்ல வெச்சி, பன்னீராயிரத்தோட முடிஞ்சிரும். மெய்யாவே முந்நூறு எண்டா, பதினஞ்சிஞ்சி ரெண்டு, கீழ பேஸ் பெட்டி ரெண்டு. முப்பத்தஞ்சாயிரம். எது வேணும்?"

மனுஷன் கதவைத் திறந்தே வைத்தார். நாற்பது என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நாற்பது என்பது வேலை நாளில் செத்த வீட்டுக்கு வரும் தொகை. கணேசின் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணை ஒருவர் பென்சிலால் எழுதுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பெரியதைக் காட்டினேன். மழையில் நனைந்துகொண்டு, ஒரு நாட்டைப் பிடித்தவன் போல வீடு திரும்பினேன்.

ஞாயிறு பகல் 1.20க்கு லொறி வந்தது. படிக்கட்டு மூன்றடி அகலம். நான்கு பேர் வியர்த்து, என் பரம்பரையை மனதுக்குள் வாழ்த்தி, பெட்டிகளை மேலே ஏற்றினார்கள். பேஸ் பெட்டிகள் இரண்டும் குளிர்சாதனப் பெட்டிகள் போல நின்றன. இடம் போதாமல் எட்டுக் கதிரைகளைப் படிக்கட்டு வாசலுக்குத் தள்ளினோம். பெட்டிகளைப் பாடுகிறவனுக்குப் பின்னால், சுவரோடு வைக்க வேண்டியதாயிற்று. "எங்க மொதலாளி மூணு மணிக்குள்ள வருவாரு. அதுவரைக்கும் ஒண்ணயும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

தொட்டேன்.

2.10க்குக் கணேசும் அவன் மனைவி பவானியும் வந்தார்கள். கழுத்தில் மப்ளர். பெட்டிகளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தான்.

"மச்சான், பாடப்போறது நானோ, இதுகளோ?"

"நீ மூச்சு விட்டாலே காலிக் கோட்டை வரைக்கும் கேக்கும். ஏறு."

ஒரு வரி பாடினான். அவன் குரல் இப்போது காகிதம் உரசுவது போலத்தான் வரும். மைக் வழியாக ஒன்றும் கேட்கவில்லை. கூட்டினேன். பெட்டி கூவியது. கூவல் என்றால் சாதாரணக் கூவல் அல்ல, மாலைதீவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். குறைத்தேன், குரல் போய்விட்டது. மறுபடி கூட்டினேன், மறுபடி கூவியது. யன்னல் கண்ணாடிகள் நடுங்கின. கப்பலோட்டி போல நின்று கண்ட குமிழையெல்லாம் திருகினேன்.

"இன்னொருக்கா. கொஞ்சம் இறுக்கிப் பாடு."

இறுக்கிப் பாடினான்.

"இன்னொருக்கா."

கடைசி வரிசையிலிருந்து பவானி, "காணும் அண்ணை, அவருக்கு இருமுது" என்றாள். ஒரே ஒரு தடவை என்றேன். அப்படி எத்தனை ஒரே ஒரு தடவை என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கும்.

2.50க்கு ரஷீத் நானா நனைந்தபடி மேலே வந்தார். பெட்டிகளைப் பார்க்கவில்லை. "மொதல்ல பாடுறவர நிப்பாட்டுங்க" என்றார். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கதிரைகளை எண்ணினார்.

"முந்நூறு பேர் எங்க நிக்கிற? கடல்லயா?"

உள்ளதைச் சொன்னேன். கணேசு கேட்டுக்கொண்டிருந்தான்.

"முந்நூறு எண்டோ சொன்னனி?"

"ஓம்."

"ஐஞ்ஞூறு எண்டு சொல்லியிருக்கலாமேடா, கஞ்சப்பயலே." சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

பவானி சிரிக்கவில்லை. "அவருக்கு இருந்தது இருபது நிமிஷம், அண்ணை. உங்களுக்கு நாப்பது நிமிஷம் பாடிக் காட்டிப்போட்டார்."

நானா எனக்கு விளக்கினார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மெல்லிசான கொரல் எண்டா மைக்க கூட்டி வெக்கணும். கூட்டி வெச்சா பெட்டிலருந்து வார சத்தத்தயும் அது திரும்பப் புடிக்கும். அதுதான் கூவுற. இது நூறு அடிக்கு எறியிற பெட்டி. இங்க முப்பதடில செவரு, பக்கத்தில கண்ணாடி. எறிஞ்சதெல்லாம் திரும்பி வருது."

மூன்று மணிக்கு நானும் அவரும் ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம், கடைச் சாவி அவரிடம். ஆயிரத்து இருநூறு ரூபா, நாற்பது நிமிடம். கொள்ளுப்பிட்டியில் தண்ணீர் தேங்கி எல்லாம் ஊர்ந்தது. நானா வாய் திறந்தது ஒரே தடவைதான்.

"அவருக்கு என்ன வருத்தம்?"

"தொண்டை. புதன்கிழமை ஒபரேஷன்."

காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "அத செல்லீந்தா பேர்க் கணக்கே கேட்டிருக்க மாட்டேன்."

எட்டு அங்குலப் பெட்டிகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு 4.40க்குத் திரும்பினோம். இருபத்தேழு பேர் வந்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து ஆறு பேர் போய்விட்டார்கள், மழை இருட்டுக்கு முன் வீடு போக வேண்டும் என்று. மிச்சம் இருபத்தொரு பேர். நானா சின்னப் பெட்டிகளைப் பாடுகிறவனுக்கு நாலடி முன்னால், சனத்தைப் பார்க்க நிறுத்தினார். கண்ணாடி யன்னல்களுக்குப் பக்கத்து வீட்டில் வாங்கிய கட்டில் விரிப்புகளைத் தொங்கவிட்டோம். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார்.

4.55க்குக் கணேசு தொடங்கினான். நான் கடைசிக் கதிரைக்குப் போய்ப் பவானிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் வந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் அவன் எடுத்த மூச்சும் வந்தது. காதுக்குள், எனக்கு மட்டும் கேட்கப் பாடுவது போல இருந்தது. இதில் ஒரு எழுத்தும் மிகையில்லை. அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

இரண்டாவது பாட்டின் சரணத்தில் குரல் நின்றது. வாய் திறந்தது, உதடு சொற்களைச் செய்தது, காற்று மட்டும் வந்தது. அந்தக் காற்றையும் சின்னப் பெட்டிகள் கடைசிக் கதிரை வரை சுத்தமாகக் கொண்டுவந்து சேர்த்தன. அவன் ஒரு கணம் மைக்கைப் பார்த்தான், கைகூப்பினான், உட்கார்ந்தான். மொத்தம் ஏழு நிமிடம். கைதட்டுவதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. மரக்கறி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. உயிருக்குப் பயமில்லை. குரல் வரவில்லை, இனி வராது என்று இப்போது வைத்தியர் நேராகவே சொல்லிவிட்டார். கணேசு வட்ஸ்அப்பில் எழுதுகிறான், என்னைக் கிண்டலும் செய்கிறான். அந்த ஞாயிறைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதியதில்லை.

போக இருப்பவர்களுக்கு: கடைக்குப் போகும் முன் மண்டபத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள், கடைசிக் கதிரை எத்தனை அடி என்பது முக்கியம். டைல்ஸும் கண்ணாடியும் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், விரிப்புகள் கொண்டுபோங்கள். ஐம்பது பேர் வரை எட்டு அங்குலம் இரண்டு தாராளம். பெட்டி எப்போதும் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, ஆகவே சனியே எல்லாம் கொண்டுவந்து பரிசோதியுங்கள். ஆள் தொகையைக் குறைத்துச் சொன்னாலும் பாதகமில்லை, பாடுகிறவரின் குரலைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பரிசோதிக்கும்போது பாடுகிறவரைப் பாட வைக்காதீர்கள். நானா தன் குரலில் ஒண்டு, ரெண்டு, மூணு என்று எண்ணித்தான் சின்னப் பெட்டிகளைச் சரிசெய்தார். அந்த நாற்பது நிமிடமும் மைக்கின் முன்னால் நானே நின்று கத்தியிருக்கலாம். என்னிடம் வீணாக்குவதற்கு எவ்வளவோ குரல் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.